தானியங்கி கேட்டுக்கு கண் இருக்கிறதா?

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் உள்ள பண்ணைகளில் மோட்டார் வைத்த இரும்பு கேட்டுகள் பெருகி வருகின்றன. காவலுக்கும் கதவு திறக்கவும் ஆள் கிடைப்பதில்லை. டிராக்டரை நிறுத்தி, இறங்கி, கேட்டைத் தள்ளி, வண்டியை உள்ளே விட்டு, மறுபடி இறங்கி மூடுவது ஒரு நாளில் பத்து முறை நடந்தால் அலுப்புதான். ரிமோட்டை அழுத்தினால் திறக்கும், தானே மூடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பயிரைப் பற்றிப் பேசும் பக்கத்தில் கேட்டைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. பண்ணை வாசல் நகரத்து வீட்டு வாசலைப் போன்றது அல்ல. கார் மட்டும் போய்வரும் இடமும் அல்ல. ஆடு, கன்றுக்குட்டி, கோழி, மாட்டு வண்டி, கரும்பு ஏற்றிய டிரெய்லர், வேலைக்கு வந்த பெண்களின் குழந்தைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போய்வரும். ஆனால் கேட் பொருத்த வருபவர்கள் நகரத்து வீட்டு அளவுகளையே இங்கும் வைத்துவிட்டுப் போகிறார்கள். பல இடங்களில் போட்டோ சென்சாரே கிடையாது. சில இடங்களில் சென்சார் பெயருக்குத் தொங்கும், வேலை செய்யாது.

நாலு மீட்டர் வாசலுக்கான ஸ்லைடிங் கேட் சில நூறு கிலோ எடை இருக்கும். அது நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 20 செ.மீ., அதாவது ஏறக்குறைய ஒரு சாண். பார்க்க மெதுவாகத்தான் தெரியும். ஆனால் தூணுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை நின்றுவிட்டால் அந்த எடைக்கு இரக்கம் கிடையாது.

'மோட்டாரிலேயே தடை உணரும் வசதி இருக்கிறதே' என்பார்கள். அது உண்மைதான். ஆனால் கேட் எதன் மீதாவது மோதி அழுத்திய பிறகுதான் அந்த வசதி வேலை செய்யும். மோதிய பின் நிற்பது வேறு, மோதாமலே நிற்பது வேறு. அழுத்தத்துக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதால், திறப்பு அரை மீட்டருக்குள் குறுகும்போது கேட்டின் அழுத்தம் 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பியத் தரவிதி சொல்கிறது. இது சுமார் 40 கிலோ எடை தரும் அழுத்தம். நம் ஊரில் அதை அளந்து பார்த்துப் பொருத்துபவர்கள் அரிது. அதனால்தான் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடும் கண் அவசியம்.

அமெரிக்காவில் கார் கொட்டகைகளின் தானியங்கிக் கதவுகளில் குழந்தைகள் சிக்கி இறந்த சம்பவங்களுக்குப் பிறகு 1990இல் சட்டம் இயற்றினார்கள். 1993 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்படும், வீடுகளுக்கான அத்தகைய கதவு மோட்டார்களில், எதிரில் ஏதாவது வந்தால் கதவைத் திருப்பி அனுப்பும் போட்டோ சென்சாரோ அதற்கு இணையான பாதுகாப்போ கட்டாயமானது. அந்த உயிர்கள் கற்றுத்தந்த பாடம் நமக்கும் பொருந்தும்.

சென்சார் எப்படி வேலை செய்கிறது?

இது ஜோடியாக வரும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். எதிர்த் தூணில் உள்ள மற்றொன்று அதைப் பெறும். முன்னதில் டி.எக்ஸ். என்றும் பின்னதில் ஆர்.எக்ஸ். என்றும் எழுதியிருக்கும். நடுவில் ஆளோ மாடோ வந்து ஒளி தடைபட்டால், பெறும் பெட்டி மோட்டார் போர்டுக்குத் தகவல் கொடுக்கும். மூடிக்கொண்டிருக்கும் கேட் நின்று, மறுபடி திறக்கும்.

இன்னொரு வகையில் ஒரு தூணில் மட்டும் சென்சாரும், எதிர்த் தூணில் பிரதிபலிப்பு வில்லையும் இருக்கும். பாதைக்குக் குறுக்கே குழி தோண்டி ஒயர் போட வேண்டியதில்லை என்பதால் இதைப் பரிந்துரைப்பார்கள். பண்ணைக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. ஒளி போய்த் திரும்ப வேண்டும் என்பதால் இரண்டு மடங்கு தூரத்தைக் கடக்கிறது. வில்லையில் நெல் தூசும் பனித்துளியும் படிந்தால் சீக்கிரம் மங்கிவிடும். தரம் குறைந்தவற்றில், பளபளக்கும் பால் கேனோ வண்டியின் தகடோ ஒளியைத் திருப்பி அனுப்பி, 'வழியில் யாரும் இல்லை' என்று ஏமாற்றவும் கூடும். எதிரெதிர் ஜோடியே நல்லது. உங்கள் வாசல் 5 மீட்டர் என்றால் குறைந்தது 10 மீட்டர் தூரத்துக்குத் தயாரான சென்சாராக வாங்குங்கள். மூடுபனியிலும் தூசியிலும் அந்த உபரி கைகொடுக்கும்.

எந்த உயரத்தில் வைப்பது?

காருக்கு என்றால் தரையிலிருந்து 45 முதல் 60 செ.மீ. உயரத்தில் ஒரு ஜோடி வைப்பது வழக்கம். பண்ணைக்கு அது போதாது. இரண்டு ஜோடி வையுங்கள்.

கீழ் ஜோடி 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தவழும் குழந்தை, ஆட்டுக்குட்டி, கன்று ஆகியவற்றுக்காக இது. மேல் ஜோடியின் உயரத்தை உங்கள் டிரெய்லரை அளந்து முடிவு செய்யுங்கள். டிராக்டரின் பின்சக்கரம் வாசலைக் கடந்த பிறகு, டிரெய்லரின் சக்கரம் வரும்வரை கீழே பெரும்பகுதி வெற்றிடம்தான். 50 செ.மீ. உயரத்தில் ஓடும் ஒளி இழுவைக் கம்பிக்கு மேலாகவோ, டிரெய்லர் தளத்துக்குக் கீழாகவோ தடையின்றிப் போய்விடும். 'வண்டி போய்விட்டது' என்று நினைத்து கேட் மூட ஆரம்பிக்கும். மாட்டு வண்டியிலும் மாட்டின் கால்களுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இதே இடைவெளி உண்டு. எனவே டிரெய்லர் தளத்தின் பக்கப் பலகை எந்த உயரத்தில் இருக்கிறதோ, மேல் ஜோடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும்.

இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். பல மோட்டார் போர்டுகளில் 'சென்சாரைக் கடந்ததும் உடனே மூடு' என்று ஒரு வசதி உண்டு. டிராக்டர், மாட்டு வண்டி வரும் வாசலில் அதை நிறுத்திவையுங்கள். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே உள்ள இடைவெளியில் மேல் ஜோடியும் ஒரு கணம் ஏமாறும். தானாக மூடும் நேரத்தை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். பெரியசெவலை செங்கல்வராயன் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு வண்டி நேரம் காலம் பார்க்காமல் போய்வரும். அந்த நாட்களில் தானாக மூடுவதையே முழுமையாக நிறுத்திவிட்டு, கண்ணால் பார்த்து ரிமோட்டில் மூடுவது மேல். கரும்பின் தோகை பின்னால் நீண்டு தொங்குவதை எந்தச் சென்சாரும் சரியாகக் கணக்கிடாது.

எங்கே வைப்பது?

ஸ்லைடிங் கேட்டுக்கு, கேட் ஓடும் கோட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், 15 செ.மீ.க்குள் வையுங்கள். தள்ளி வைத்தால் ஒளிக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை நிற்க இடம் கிடைத்துவிடும். இரட்டைக் கதவு என்றால் வெளிப்பக்கம் ஒரு ஜோடி, உட்பக்கம் கதவு விரியும் எல்லைக்கு அப்பால் ஒரு ஜோடி வேண்டும். உட்பக்க ஜோடி, திறக்கும் கதவு யார் மீதும் இடிக்காமல் இருப்பதற்கு.

ஸ்லைடிங் கேட் திறக்கும்போது சுவர் ஓரமாகப் பின்னால் ஓடும். கம்பிகளுக்கு இடையே கையை விட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கு, கேட்டின் கம்பியும் தூணும் சேர்ந்து கத்தரிக்கோல் போல ஆகிவிடும். கேட்டில் ஆள் உயரம் வரை சிறுகண் கம்பிவலை அடித்துவிடுங்கள். செலவு குறைவு, பலன் பெரிது.

இனி சூரியன். சென்சார் பெட்டியைக் காலை அல்லது மாலை வெயில் நேராகத் தாக்கினால், பெறும் கண் கூசி, ஒளியைத் தவறவிடும். கேட் மூடாமல் அடம்பிடிக்கும். கிழக்கு மேற்காக ஒளி ஓடும் வாசலில் ஆர்.எக்ஸ். பெட்டியை எந்தத் தூணில் வைப்பது என்று யோசியுங்கள். கிழக்குத் தூணில் வைத்தால் அது மேற்கே பார்க்கும், மாலை வெயில் படும். மேற்குத் தூணில் வைத்தால் காலை வெயில் படும். எந்தப் பக்கம் மரமோ கட்டடமோ நிழல் தருகிறதோ, அந்தப் பக்கத்தைப் பார்க்கும்படி ஆர்.எக்ஸ். இருக்கட்டும். பெட்டியின் முன்னால் ஒரு சாண் பி.வி.சி. குழாய்த் துண்டைக் குடை போலப் பொருத்தினால் வெயிலும் மழைத் தெறிப்பும் குறையும்.

இரண்டு ஜோடி வைக்கும்போது மேல் ஜோடியின் டி.எக்ஸ். இடது தூணில் என்றால், கீழ் ஜோடியின் டி.எக்ஸ். வலது தூணில் இருக்க வேண்டும். ஒரே பக்கம் வைத்தால் ஒன்றின் ஒளியை மற்றொன்று வாங்கிக்கொண்டு குழப்பும்.

மண்ணையும் பாருங்கள்

சென்சாரைக் கேட்டிலோ, ஆடும் கல்தூணிலோ பொருத்தாதீர்கள். தனியாக ஜி.ஐ. குழாய் நட்டு, கான்கிரீட் போட்டு அதில் பொருத்துங்கள். நம் பகுதியில் செம்மண்ணும் உண்டு, களிமண்ணும் உண்டு. களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதில் ஆழமில்லாமல் நட்ட குழாய் இரண்டு பருவத்தில் சாய்ந்துவிடும். குழாய் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால்கூட 5 மீட்டர் தூரத்தில் ஒளி கிட்டத்தட்ட 9 செ.மீ. விலகிப்போகும். களிமண் நிலத்தில் இரண்டடிக்குக் குறையாமல் குழி எடுங்கள். மாடு உராய்ந்தால் குழாய் அசையாமல் இருக்க, முன்னால் ஒரு தடுப்புக் குழாயும் நட்டுவிடுங்கள்.

ஒயரிங்கில் கவனம்

சென்சாருக்குப் போவது 12 அல்லது 24 வோல்ட் மின்சாரம்தான். அந்த ஒயரை 230 வோல்ட் லைனோடு ஒரே குழாயில் விடக் கூடாது. சோலார் வேலிக் கம்பியிலிருந்தும் தள்ளியே கொண்டுபோங்கள். பாதைக்கு அடியில் டிராக்டர் ஏறும் இடத்தில் இரண்டடி ஆழத்தில், கனமான குழாய்க்குள் ஒயர் போக வேண்டும். குழாயின் இரு வாயையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி குடும்பம் நடத்தும். பெட்டிக்குள் ஒயர் நுழையும் துளை அடிப்பக்கம் இருக்கட்டும். மேலே துளைத்தால் மழைநீர் ஒயர் வழியாக உள்ளே இறங்கும்.

டி.எக்ஸ். பெட்டிக்கு மின்சாரம் தரும் இரண்டு ஒயர் போதும். ஆர்.எக்ஸ். பெட்டிக்கு அதோடு தகவல் போகும் இரண்டு ஒயர் வேண்டும். அதில் 'காம்', 'என்.சி.', 'என்.ஓ.' என்று முனைகள் இருக்கும். போர்டின் கையேட்டைப் பாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் காம், என்.சி. முனைகளைத்தான் இணைக்க வேண்டும். என்.சி. இணைப்பில், ஒயரை எலி கடித்தாலும், சென்சாருக்கு மின்சாரம் நின்றாலும், போர்டு அதை 'வழியில் யாரோ நிற்கிறார்கள்' என்றே எடுத்துக்கொள்ளும். கேட் மூடாது. கோளாறு வந்தால் கேட் திறந்தே நிற்பதுதான் பாதுகாப்பு. இரண்டு ஜோடிகளின் என்.சி. முனைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் எந்த ஜோடி தடைபட்டாலும் கேட் நிற்கும்.

புதிய போர்டில் சென்சார் முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்தே அனுப்பியிருப்பார்கள். இதற்கு 'ஜம்பர்' என்று பெயர். சென்சார் மாட்டிய பிறகு அதைக் கழற்ற வேண்டும். கழற்ற மறந்தால் சென்சாரில் விளக்கு எரியும், ஒளி தடைபட்டால் அணையும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் கேட் அதைக் கண்டுகொள்ளாமல் மூடிக்கொண்டே வரும். இதைவிட ஆபத்தான நிலை வேறில்லை.

மோட்டார் லைனுக்கு எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். பாசனத்துக்கான இலவச மின் இணைப்பிலிருந்து கேட்டுக்கு லைன் எடுக்காதீர்கள். அது விதிமீறல்.

நேராக்குவது எப்படி?

முதலில் உயரம். கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து இரு தூணிலும் ஒரே மட்டத்தைக் குறியுங்கள். தரை சரிவாக இருக்கலாம், எனவே தரையிலிருந்து தனித்தனியாக அளக்காதீர்கள். பெட்டிகளைப் பொருத்தி, ஒரு கண்ணின் நடுவிலிருந்து மற்ற கண்ணின் நடுவுக்கு நூல் பிடித்துப் பாருங்கள். நூல் இரு பெட்டியின் முகத்துக்கும் செங்குத்தாக வர வேண்டும்.

பிறகு மின்சாரம் கொடுங்கள். பெட்டியில் உள்ள சிறு எல்.இ.டி. விளக்கு ஒளி சேர்ந்ததைக் காட்டும். சில கம்பெனிகளில் ஒளி சேர்ந்தால் விளக்கு எரியும், சிலவற்றில் அணையும். கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். விளக்கு காட்டியவுடன் திருகாணியை இறுக்கிவிட்டுப் போவதுதான் பலர் செய்யும் தவறு. அது எல்லையில் பிடித்த ஒளியாக இருக்கலாம். ஒரு லாரி போன அதிர்வில் விலகிவிடும்.

ஆர்.எக்ஸ். பெட்டியை மெல்ல இடப்பக்கம் திருப்புங்கள். விளக்கு மாறும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். வலப்பக்கமும் அப்படியே. இரண்டு குறிக்கும் நடுவில் நிறுத்துங்கள். மேலும் கீழும் இதே போலச் செய்யுங்கள். அதன் பின் டி.எக்ஸ். பெட்டிக்கும் இதைச் செய்யுங்கள். திருகாணிகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். இறுக்கும்போதே பெட்டி திரும்பிவிடுவதுண்டு என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி விளக்கைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. மெல்லிய வெள்ளை பாலித்தீன் பையை ஒரு மடிப்பாக ஆர்.எக்ஸ். கண்ணின் மேல் வையுங்கள். அப்போதும் ஒளி சேர்ந்தே இருந்தால், நாளை தூசி படிந்தாலும் தாங்கும். உடனே விட்டுப்போனால் மறுபடி நேராக்குங்கள்.

சோதித்த பிறகே பணம்

ஐரோப்பாவில் சென்சாரைச் சோதிக்க 70 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. கனம் உள்ள பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். அதே அளவில் ஒரு மரப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ போதும். ஆளையோ, ஆட்டையோ நிறுத்திச் சோதிக்காதீர்கள்.

கேட் மூடிக்கொண்டிருக்கும்போது பெட்டியை ஒளிக்குக் குறுக்கே நீட்டுங்கள். ஒரு தூணின் அருகே, நடுவில், மறு தூணின் அருகே என மூன்று இடத்திலும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கேட் நின்று, திறக்க வேண்டும். அடுத்து, கேட் திறந்து நிற்கும்போது பெட்டியை வைத்துவிட்டு ரிமோட்டை அழுத்துங்கள். கேட் நகரவே கூடாது. மூன்றாவதாக, டி.எக்ஸ். பெட்டியின் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். அப்போதும் கேட் மூடக் கூடாது. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள். காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் ஒருமுறை பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள். கொட்டேஷன் வாங்கும்போதே இரண்டு ஜோடி சென்சார் என்று எழுதி வாங்குவது நல்லது.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை ஈரத் துணியால் கண்களைத் துடைத்து, பெட்டிச் சோதனையைச் செய்யுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம், பிளாஸ்டிக் மங்கிவிடும். மணிலா அடிக்கும்போதும் நெல் அறுவடையின்போதும் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். சிலந்தி வலை, குளவிக் கூடு, எறும்புப் புற்று, பல்லி ஆகியவைதான் பெரும்பாலான 'கோளாறு'களுக்குக் காரணம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததும், தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் அரசூர், இருவேல்பட்டு பகுதிகளைச் சூழ்ந்ததும் நினைவிருக்கும். வெள்ளம் வரும் இடத்தில் மோட்டார் போர்டு, மின்பெட்டி ஆகியவற்றை அந்த நீர்மட்டக் குறிக்கு மேலே வையுங்கள். கீழ் சென்சார் மூழ்குவதைத் தடுக்க முடியாது. நீர் வருமுன் மெயினை அணைத்து, கேட்டைக் கையால் தள்ளும் நிலைக்கு மாற்றிவிடுங்கள். நீர் வடிந்த பின் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படிந்திருந்தால் அந்தச் சென்சாரை மாற்றிவிடுவதே நல்லது.

மின்சாரம் இல்லாதபோது கேட்டை விடுவிக்கும் சாவி எங்கே இருக்கிறது, எப்படித் திருப்புவது என்பது வீட்டில் உள்ள பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரியில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது தேடக் கூடாது.

சென்சாருக்கும் எல்லை உண்டு. அது ஒரு கோட்டை மட்டுமே பார்க்கிறது, முழு வாசலையும் அல்ல. அந்தக் கோட்டுக்குக் கீழே படுத்திருக்கும் நாய்க்குட்டி அதன் கண்ணில் படாது. கேட்டின் முன்விளிம்பில், அழுத்தினால் கேட்டை நிறுத்தும் ரப்பர் பட்டை பொருத்துவது இரண்டாவது பாதுகாப்பு. தண்டவாளத்தின் முனையில் ஸ்டாப்பரும், மேலே கைடு ரோலரும் இல்லாவிட்டால் கேட்டே சாய்ந்து விழலாம். அதை எந்தச் சென்சாரும் தடுக்காது.

ஒரு நாள் கேட் மூடாமல் நிற்கும். அவசரத்துக்கு அழைத்தவர் வந்து, 'சென்சார் போயிடுச்சு அண்ணே, இப்போதைக்கு ஜம்பர் போட்டுடறேன், ஓடும்' என்பார். இரண்டு நிமிட வேலை, கேட்டும் ஓடும். ஆனால் அந்த 'இப்போதைக்கு' வருடக்கணக்கில் நீடிக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். புதிய சென்சார் வரும்வரை மோட்டாரை விடுவித்து, கேட்டைக் கையால் தள்ளித் திறந்து மூடுங்கள். இவ்வளவு காலம் அப்படித்தானே செய்தோம், இன்னும் நான்கு நாள் செய்தால் குறைந்துவிட மாட்டோம்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே தானியங்கி கேட் இருந்தால், இன்று சாயங்காலமே ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். கேட் மூடும்போது குறுக்கே நீட்டிப் பாருங்கள். அது நிற்காவிட்டால், நிற்கும்படி செய்யும்வரை ரிமோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.